சீனியிலும் திரிந்த வெள்ளை

சுதாராணி பிறந்த ஊர் கழுகுமலை. திருநெல்வேலியில் வேதியியல் பட்டம் படித்தவள். 1995 தை மாதம் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்த சோலைராஜுக்கு வாழ்க்கைப்பட்டாள். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்லுவோம். அதில் நான் கணக்கு எழுதிவந்தேன்.

சீர்ப் பாத்திரங்களோடு ஒரு மரப்பெட்டியும் வந்தது. உள்ளே சோதனைக் குழாய்கள், அவற்றை நிறுத்தும் தாங்கி, சிறு சிறு குப்பிகள். எதைக் கண்டாலும் அதற்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். கேட்டில் இருந்த துருவைச் சுரண்டி அமிலத்தில் கரைத்து ஏதோ ஒரு சொட்டு விட்டாள்; பேனா மை போல நீலம் இறங்கியது. குத்துவிளக்கின் பச்சைக் களிம்பில் வேறொரு நீலம் வந்தது. இரண்டு கரைசல்கள் சேரும்போது கரையாத பொருளாகத் திரண்டு அடியில் தங்குவதற்கு வீழ்படிவு என்று பெயர். அதன் நிறம் உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று எனக்குச் சொன்னாள்.

அவள் மாமியார் வேலுத்தாய்க்கு இது பிடிக்கவில்லை. "ஊருல மருமகளுவ குழம்பு கூட்டுதாளுவ. எங்க வீட்டுல சாயப்பட்டறை நடக்கு" என்பார்.

1998 ஆகஸ்டில் கல்கத்தாவுக்குப் போன லோடு அப்படியே திரும்பி வந்தது. அங்கே மழைக்காலம். குச்சித் தலைகள் நமத்துப்போய், உரசினால் சேறு போல இழுகுகின்றன என்றார் வியாபாரி. எங்கள் ஊர் வெயிலில் அதே சரக்கு பட்டென்று பற்றியிருந்தது. அடுத்த லோடும் கோளாறாக இருந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று போனில் சொல்லிவிட்டார். எங்கள் சரக்கில் பாதிக்கு மேல் அவருக்குத்தான் போனது. அவர் கைவிட்டால் ஆபீசைப் பூட்ட வேண்டியதுதான்.

குச்சித் தலைக்கான மருந்தில் முக்கியமானது குளோரேட். அதை வச்சிரப் பசையோடும் தண்ணீரோடும் கலந்து குச்சிகளை முக்குவார்கள். நாங்கள் அதை வாங்கும் சங்கரபாண்டி கடையிலிருந்து மே மாதம் முதல் புதுக் கம்பெனி டிரம் வந்துகொண்டிருந்தது. சுதாராணியின் சந்தேகம் அதன்மேல் விழுந்தது.

"குளோரேட்டுல குளோரைடு கலந்திருந்தா காத்துல உள்ள ஈரத்தை இழுக்கும் அண்ணாச்சி. சில்வர் நைட்ரேட் விட்டா தெரிஞ்சிரும். சுத்தமான குளோரேட் தெளிவாவே நிக்கும். குளோரைடு இருந்தா தயிர் மாதிரி வெள்ளையாத் திரியும்."

மதுரையிலிருந்து சில்வர் நைட்ரேட் வரவழைத்துச் சோதித்தாள். திரிந்தது. அவள் விரல் நுனிகள் கறுத்துப் போயின. அந்த மருந்து தோலில் பட்டால் அப்படித்தானாம். சோலைராஜ் அன்றே சங்கரபாண்டியோடு வியாபாரத்தை முறித்துக்கொள்ளக் கிளம்பினார். "அவிய முன்னாலயே செஞ்சு காட்டிருவோம்" என்று சுதாராணியும் புறப்பட்டாள். கடைத் தண்ணீர் எப்படியிருக்குமோ என்று ஆபீஸ் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டாள். தாங்கியை நான் தூக்கிப் போனேன்.

சங்கரபாண்டி கோபப்படவில்லை. "செய்யும்மா, பாப்போம்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். புது டிரம்மில் ஒரு சிட்டிகை, வெள்ளை. பழைய கம்பெனி டிரம் ஒன்று மீதியிருந்தது. அதில் ஒரு சிட்டிகை, அதிலும் வெள்ளை. சுதாராணியின் நெற்றி சுருங்கியது.

"ரெண்டு கம்பெனிக்காரனும் பேசி வச்சிக்கிட்டா எனக்குக் கள்ளச்சரக்கு குடுக்கான்? இந்தா, காப்பிக்கு வச்சிருக்க சீனி. இதையும் போடு. எங்க கடையில எதைப் போட்டாலும் திரியும் போல."

கடைப் பையன்கள் சிரித்தார்கள். வீம்புக்கு அவளும் சீனியைப் போட்டாள். சில்வர் நைட்ரேட் விட்டாள். குழாய்க்குள் தயிராகத் திரிந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. "சீனியிலயும் கலப்படமா?" என்றார் சோலைராஜ்.

சுதாராணி குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். பிறகு கழுவிய குழாய் ஒன்றில் பாட்டில் தண்ணீரை மட்டும் ஊற்றி ஒரு சொட்டு விட்டாள். அதே வெள்ளை.

"இது எந்தத் தண்ணிம்மா?" என்றார் சங்கரபாண்டி.

"எங்க போர்த் தண்ணி அண்ணாச்சி." குரல் இறங்கிவிட்டது. "குளோரைடு இந்தத் தண்ணி உப்புலதான் இருக்கு. தண்ணிய முதல்ல பாத்திருக்கணும். தப்பு என்மேலதான்."

அந்த ஆழ்துளை போர் சோலைராஜ் ஏப்ரலில் போட்டது. அதுவரை லாரித் தண்ணீர்தான் வாங்கினோம். பூசணிக்காய் உடைத்து, மோட்டாருக்கு மாலை போட்டு, இனி லாரிக்காரன் தயவு வேண்டாம் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தார். திரும்பி வந்து வீட்டு வாசலில் நின்று, "நூத்தம்பது அடி போட்டேன்ட்டி. எல்லாம் உப்பா?" என்றார்.

"குச்சி நமத்தது இதனாலதானான்னு எனக்கும் நிச்சயமாத் தெரியல. குளோரேட்டு மேல சொன்னதையே தப்பாச் சொல்லிட்டேன். செஞ்சு பாத்துருவோம்."

ஐப்பசி மழை பிடித்தபோது மொட்டைமாடியில் எவர்சில்வர் அண்டாவை வைத்தாள். மழைத் தண்ணீரில் சில்வர் நைட்ரேட் சொட்டு விழுந்தது. ஒன்றும் நேரவில்லை, கண்ணாடியாக நின்றது. அதே தண்ணீரில் புது டிரம் குளோரேட்டைக் கரைத்தாள். அதுவும் தெளிவாகவே நின்றது. சங்கரபாண்டிக்கு உடனே போன் செய்து மன்னிப்புக் கேட்டாள். "காப்பி குடிக்க வாம்மா, சீனி நெறைய இருக்கு" என்றாராம்.

மருந்து கலக்கும் முத்துசெல்வம் மழைத் தண்ணீரில் ஒரு சட்டியும் போர்த் தண்ணீரில் ஒரு சட்டியும் கலக்கினான். இரண்டு வகைக் குச்சிகளையும் சாரல் காற்று படும்படி ஜன்னலோரம் வைத்தார்கள். மூன்றாம் நாள் காலை சோலைராஜ் வந்து நின்றார். மற்றவர்களை விடவில்லை, தானே உரசினார். போர்த் தண்ணீர்க் குச்சி பெட்டியின் பக்கவாட்டில் கோடு இழுத்தது. இன்னொன்று, இன்னொன்று, எல்லாம் கோடுதான். மழைத் தண்ணீர்க் குச்சி முதல் உரசலிலேயே பற்றியது. அது விரலைச் சுடும்வரை பார்த்துக்கொண்டிருந்தவர் போய் லாரிக்காரனுக்குப் போன் போட்டார்.

லாரி வந்ததும் சுதாராணி குழாயோடு போய் நின்றாள். "யக்கா, தண்ணிக்கு ஊசி போடப் போறியளா?" என்றான் டிரைவர். சொட்டு விட்டதும் லேசாகப் புகை படிந்தது போல வெளுத்தது, அவ்வளவுதான். இறக்கச் சொன்னாள்.

அந்தத் தண்ணீரில் கலக்கிய மருந்தில் முக்கியெடுத்த குச்சிகள் டிசம்பரில் கல்கத்தா போயின. ஜனவரி பனியிலும் நமக்கவில்லை. அடுத்த லோடு எப்போது என்று வியாபாரி போனில் கேட்டார். சோலைராஜ் தேதி சொல்லிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்ற சுதாராணி அவர் தோளைத் தட்டினாள்.

"அவிய ஊர்த் தண்ணி எப்படி இருக்கும்னு கேளுங்க. ஒரு பாட்டில் அனுப்பச் சொல்லுங்க."