பில்டரில் இறங்கிய நீலத் தண்ணீர்

உத்தமபாளையத்தில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்குக் காலையில் மாமா போன் செய்தார். சின்னமனூர் போகிற வழியில் கார் இழுக்காமல் நின்றுவிட்டதாம். அன்று அத்தைக்கு டயாலிசிஸ். சிறுநீரகம் கெட்டுப்போனதிலிருந்து, அந்தப் பழைய டீசல் கார் தேனி ஆஸ்பத்திரிக்கு ஓடினால்தான் அத்தையின் உடம்பும் ஓடும்.

பைக்கில் போய்ச் சேர்ந்தேன். மாமா பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். பின்சீட்டில் அத்தை, வீங்கிய காலை வெளியே தொங்கவிட்டபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன மாமா, வண்டிக்கும் உங்களாட்டம் மூட்டுவலியா?"

"ஏலே, வாய மூடிட்டு வேலயப் பாரு. நேத்து நல்லாத்தேன் ஓடுச்சு. இன்னைக்கி கொஞ்ச தூரம் வந்ததும் ஒதறுது. எம்புட்டு மிதிச்சாலும் ஏறல."

"அவன் வாய மூடுனா கையும் நின்டுரும். பேசட்டும் விடுங்க" என்றாள் அத்தை.

ஸ்டார்ட் செய்தேன். இன்ஜின் குளிர்காய்ச்சல் வந்த மாதிரி நடுங்கியது. டர்போ ஹோஸ் கிழிசலோ என்று தடவிப் பார்த்தேன்; இல்லை. பிறகு இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற ஒவ்வொரு இன்ஜெக்டரின் ஒயரையும் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினேன். வேலை செய்கிற இன்ஜெக்டரைப் பிடுங்கினால் நடுக்கம் கூடும். ஒன்றைப் பிடுங்கியபோது சத்தம் கொஞ்சமும் மாறவில்லை.

"இவன் சம்பளத்த வாங்கிட்டுத் தூங்குறான் மாமா."

அடுத்ததும் தூங்கியது. ஒரே நாளில் இரண்டு படுத்தால் கோளாறு அதுகளிடம் இல்லை, அதுகளுக்கு வருகிற டீசலில். டீசல் பில்டரின் அடித் திருகைத் தளர்த்தி, வெட்டிய தண்ணீர் பாட்டிலில் பிடித்தேன். நீலமாகத் தண்ணீர் இறங்கியது. மேலே டீசல் மெல்லிசாக மிதந்தது.

மாமாவைப் போலத் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற யாருக்கும் அந்த நீலம் தெரியும். கொடிக்கு அடிக்கக் கரைக்கிற மயில்துத்தம்.

"மாமா, டேங்குக்கே மருந்தடிச்சுட்டீகளா? இனி ஒரு பூச்சி அண்டாது."

மாமா சிரிக்கவில்லை. "காலைல டீசல் கேன்ல இருந்துதான்டா ஊத்துனேன். நேத்துத்தேன் பங்க்ல வாங்கியாந்தேன்."

அத்தை பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மருந்தடிக்க வந்தவுக கேன் பத்தலன்னு அதத்தேன் எடுத்துக் கரைச்சாக" என்றாள். "நாந்தேன் அலசி, பழைய எடத்துல வச்சேன். கவுத்தி வடியவிட முடியல."

டயாலிசிஸுக்கு ஊசி ஏற்றுகிற இடது கையை மடியில் வைத்திருந்தாள். அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒற்றைக் கையால்தான் அலசியிருக்கிறாள்.

மாமா குனிந்து அவள் செருப்பை எடுத்துக் காலருகே போட்டார். "எந்திரி. பஸ்ஸப் பாப்போம்."

நான் மறுபடி சாவியைத் திருப்பினேன். இன்ஜின் சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை. தேனி பஸ் வந்தது. கண்டக்டரிடம் சொல்லி ஒரு சீட் வாங்கிக் கொடுத்தேன்.

"சீக்கிரம் சரி பண்ணுடா. இந்தப் பஸ்ஸு என்னையவும் ஒதற வச்சுரும்" என்றாள் அத்தை ஜன்னல் வழியாக.

பட்டறையில் பிரித்துப் பார்த்தால் இன்ஜெக்டர் நுனியெல்லாம் அரித்திருந்தது, பம்பும் போயிருந்தது. எல்லாம் மதுரைக்குப் போனது. சாமான் வந்தபாடில்லை. அத்தை பஸ்ஸில் போய், திரும்பும்போது வாந்தியெடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு நாள் கம்பத்திலிருந்தே நிறைந்து வந்த பஸ்ஸில் ஏற முடியாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். வாடகைக் கார் சொல்கிறேன் என்ற மாமாவிடம், "ஒரு தடவதான, ஒண்ணும் ஆகாது" என்று படுத்துக்கொண்டாளாம். அடுத்த டயாலிசிஸுக்குள் மூச்சு முட்டிவிட்டது. ஆம்புலன்ஸில் போனவள் உயிரோடு வீடு வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் இன்ஜெக்டரும் பம்பும் வந்தன. மாட்டினேன். நடுக்கமில்லை, புகையில்லை. மாமாவைக் கூப்பிட்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். உட்கார்ந்தார், ஸ்டியரிங்கைப் பிடித்தார், இறங்கிவிட்டார்.

"நீயே பாருடா."

தேனிப் பக்கம் திருப்ப எனக்கும் மனசில்லை. லோயர்கேம்ப் தாண்டி மலை ஏற்றம் வரைக்கும் விட்டேன். மூன்றாவது கியரிலேயே இழுத்தது. திரும்பி வந்து சொன்னேன்.

"அம்சமா ஏறுது மாமா."

"ஆள் பாத்து வித்துரு மாப்ள" என்றார்.