கண்டக்டரய்யா கொண்டுவந்த செதில்

ஞாயிற்றுக்கிழமை என் தையல் கடைக்கு விடுமுறை. அன்றைக்கு ரவிக்கைத் துணியோடு என்னைத் தேடுகிறவர்கள் கண்மாய்க்கரைக்குத்தான் வர வேண்டும். வந்தும் இருக்கிறார்கள். ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா கரை வரைக்கும் வந்து, "மீனு எங்க ஓடிறப்போகுது, கை மட்டும் கொஞ்சம் பிரிச்சுக் குடு தாயி" என்றார். மீன் ஓடும், துணிதான் ஓடாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவர் கோபித்துக்கொண்டு போய், திங்கட்கிழமை காலையில் கடை திறக்கும் முன்பே வந்து நின்றார்.

எங்கள் கண்மாய் மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கரையை ஒட்டி என் வீட்டுக்காரரின் திராட்சைத் தோட்டம். அவர் பந்தலுக்கு அடியில் குனிந்தபடி கொடியோடு மல்லுக்கட்டுவார். நான் தூண்டிலைப் போட்டுக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பேன். ஆம்பிளைகளுக்கு நடுவில் இவளுக்கு என்ன வேலை என்று ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள். ஊசியும் நூலுமாகவே காலம் தள்ளுகிறவளுக்கு தூண்டில் நரம்பில் முள் கட்டுவது ஒரு வேலையே இல்லை என்று தெரிந்த பிறகு, முள் அறுந்தவர்கள் எல்லாம் என்னிடம்தான் வந்தார்கள். முணுமுணுப்பு அதோடு நின்றுவிட்டது.

கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருப்பவர் நல்ல மனுஷர், ஆனால் கறார். அவர் குஞ்சு விட்டு வளர்ப்பது கட்லாவும் ரோகுவும். ஜிலேபி மீன் யாரும் கூப்பிடாமலே வந்து, குடும்பம் பெருக்கி, அவர் போடுகிற தீவனத்தைத் தின்றுவிடும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் தூண்டில்காரர்களை விடுவார். ஜிலேபி எங்களுக்கு, மற்றதெல்லாம் அவருக்கு. தவறிப்போய்க் கட்லா மாட்டினால் முள்ளைப் பதமாகக் கழற்றித் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். வலை கூடாது, ஆளுக்கு ஒரு தூண்டில்தான், கரையில் வைத்து மீன் அரியக் கூடாது. இதில் ஒன்று தப்பினாலும் ஒட்டுமொத்தக் கரைக்கும் தடை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அவர் சொன்னது போக, நாங்களாக வைத்துக்கொண்ட மரியாதைகளும் உண்டு. துண்டு விரித்த இடம் விரித்தவருடையது. அடுத்தவர் தூண்டிலின் தக்கை ஆடும்போது வாய் திறக்கக் கூடாது. எல்லாவற்றிலும் பெரியது, எத்தனை விழுந்தது என்று யாரையும் கேட்கக் கூடாது, அடுத்தவர் பைக்குள் எட்டிப் பார்க்கவும் கூடாது. கேட்டால் மீன் கோபித்துக்கொள்ளுமாம். மீனுக்கு என்ன வந்தது, பை காலியாக இருக்கிற மனுஷனுக்குத்தான் வெட்கம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இந்தச் சட்டங்களுக்கெல்லாம் காவல் எங்கள் கண்டக்டரய்யா. பஸ்ஸில் முப்பது வருஷத்துக்கு மேல் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். காலையில் முதல் ஆளாக வந்து தூண்டிலைப் போட்டுவிட்டு, உடனே எழுந்து கரையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடக்க ஆரம்பித்துவிடுவார். ஓடுகிற பஸ்ஸில் இருக்கைக்கு இருக்கை குனிந்து பார்த்தவர் அல்லவா, அந்த நடை மாறவில்லை. "அந்தக் குஞ்ச விட்டுருங்க." "ரெண்டு தூண்டி எதுக்கு, ஒண்ண மடக்குங்க." சனிக்கிழமை சாயங்காலமே வாட்ஸ்அப் குழுவில் விதிகளை நீளமாகப் பேசிப் போட்டுவிடுவார். நான் அதை ஓடவிட்டுக்கொண்டே ரெண்டு பாவாடைக்கு ஓரம் அடித்துவிடலாம்.

ஒருமுறை யாரோ குடலையும் செதிலையும் கரையோரமே கொட்டிவிட்டுப் போனார்கள். நாய்கள் கூடி, களை எடுக்கப் போன பெண்களை விரட்ட, குத்தகைக்காரர் எங்களை விரட்டப் பார்த்தார். அப்போதுதான் என் வீட்டுக்காரர் மீன் அமிலம் தயாரிக்க டிரம் ஒன்று வாங்கித் தோட்டத்தில் வைத்திருந்தார். மீன் கழிவோடு அதே எடைக்கு வெல்லத்தைப் போட்டு ஊற வைத்தால் நாளடைவில் தேன் நிறத்தில் ஒரு சாறு வரும். தண்ணீரில் கலந்து தெளித்தால் திராட்சைக் கொடி அப்படியே நிமிர்ந்து நிற்கும். "குப்பைய எல்லாம் நம்ம டிரம்முல போடச் சொல்லு" என்றார். கண்டக்டரய்யா அதை உடனே சட்டமாக்கினார். மீனை வீட்டுக்குக் கொண்டுபோய் அரிந்த பிறகு, மிச்சம் மொத்தமும் அன்று சாயங்காலமே டெய்லரம்மா டிரம்முக்கு வந்துவிட வேண்டும், யாருக்கும் விலக்கு இல்லை.

அப்படித்தான் நான் ஊரார் மீன் குப்பைக்குப் பொறுப்பாளி ஆனேன். டிரம்மின் வாயை லைனிங் துணியால் மூடி எலாஸ்டிக் தைத்து வைத்தேன், ஈ நுழையாது. ஒவ்வொரு கவரையும் பிரித்துக் கொட்டுவது நான்தான் என்பதால், பைக்குள் பார்க்கக் கூடாத மரியாதை என்னிடம் மட்டும் செல்லாமல் போய்விட்டது. கூடை நிறைய என்று பீற்றிக்கொண்டவரின் கவரில் ஒற்றை மீனின் குடல் இருக்கும். நான் எதுவும் சொல்ல மாட்டேன். உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன், அது எனக்கு வாராவாரம் கிடைக்கிற கூலி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கண்டக்டரய்யாவின் கவரைப் பிரித்தேன். உள்ளே கட்லாவின் செதில்.

ஜிலேபிச் செதில் சின்னது. இது ரவிக்கைப் பொத்தானைவிடப் பெரியது, தடிமனாகப் பளபளத்தது. கூடவே பெரிய செவுள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லிவிட்டு, தான் மட்டும் கட்லாவை அமுக்கிக்கொண்டு போவதா? இது வெளியே தெரிந்தால் எல்லாருடைய ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும். வாரம் முழுக்க மிஷினோடு குனிந்து கிடக்கிற எனக்கு, அந்தக் காலைப்பொழுது ஒன்றுதான் நிமிர்ந்து உட்காருகிற நேரம். அதை இழக்க எனக்குத் துளியும் மனசில்லை.

வீட்டுக்காரரிடம் கொட்டித் தீர்த்தேன். "நேரா கேட்டுட்டா முடிஞ்சுபோச்சு" என்றார்.

"கேக்கக் கூடாதுங்கிற சட்டத்துக்குக் காவலே அவருதான."

"அப்ப சும்மா இரு."

சும்மா இருப்பது எனக்கு வராது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்டக்டரய்யா என் பக்கம் வந்தபோது, "இங்கன எல்லாம் சரியாத்தான் இருக்கு, நீங்க உங்க தூண்டியப் பாருங்கய்யா" என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் ஒரு நொடி நின்று என்னைப் பார்த்தார். பிறகு மறுகோடிக்கு நடந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் நாங்கள் ஐந்தாறு பேர் டிரம் பக்கத்தில் நின்றபோது குத்தகைக்காரர் வந்து சேர்ந்தார். முகம் சரியில்லை. வலை போட்டுப் பார்த்தாராம், கட்லா எதிர்பார்த்த அளவுக்கு விழவில்லை.

"தங்கச்சி, கரையில பிடிச்சதோட மிச்சமெல்லாம் இங்கனதான வருது? நான் ஒருக்கா பாத்துக்கிறேன்" என்று துணியை விலக்கி, கிண்டுகிற கம்பை உள்ளே விட்டார். வெல்லப் பாகு மாதிரி ஒழுகிய கம்பின் நுனியில், ஒட்டவைத்தது போல ஒரு பெரிய செதில். அதைக் கையில் எடுத்து எல்லாருக்கும் காட்டினார்.

கவர்களைத் திறக்கச் சொன்னார். திறந்தோம், எல்லாம் ஜிலேபி. புதிதாகச் சேர்ந்திருந்த பஞ்சர் கடைக்காரர் மட்டும் வெறுங்கையோடு நின்றார். "எங்க வீட்டுல தலை, வாலு எல்லாத்தையும் கொழம்புல போட்ருவாக. கழிக்கிறதுக்கு ஒண்ணும் மிஞ்சாதுண்ணே" என்றார். அது உண்மை, எனக்குத் தெரியும். குத்தகைக்காரருக்குத் தெரியாது. அவர் பார்வை பஞ்சர் கடைக்காரர் மேலேயே நின்றது.

அந்த நேரம் பார்த்து மஞ்சள் கவரோடு கண்டக்டரய்யா வந்தார். நடந்ததைக் கேட்டுக்கொண்டு கவரை நீட்டப் போனவரைக் குத்தகைக்காரரே தடுத்தார். "ஐயா, உங்களதப் பாக்கணுமா? நீங்க சட்டம் பேசுறவுக. நான் இவர விசாரிச்சுக்கிறேன். ஒழுங்கா உண்மை வரலைன்னா அடுத்த வாரத்துல இருந்து கரையில ஒருத்தரும் கால் வைக்க வேணாம்."

பஞ்சர் கடைக்காரரின் முகம் சுண்டிப்போனது. எனக்கு உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வாயைத் திறந்தும் விட்டேன். அதற்குள் கண்டக்டரய்யா மஞ்சள் கவரின் முடிச்சைத் தானே அவிழ்த்துத் தரையில் கவிழ்த்தார்.

செக்கச் செவேலென்று ஒரு தலை வந்து விழுந்தது. சங்கரா மீன். கடல் மீன்.

எல்லாரும் அந்தத் தலையையே பார்த்தோம். ராமேஸ்வரத்துப் பக்கம் பிடிபட்டு, ஐஸ் பெட்டியில் படுத்து, லாரியேறிச் சின்னமனூர் வந்த மீன். கண் வெளுத்துப்போய்க் கிடந்தது.

"அந்தச் செதிலும் என்னோடதுதான்" என்றார் கண்டக்டரய்யா. பஸ்ஸில் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லிப் பழகிய அந்தக் கணீர்க் குரல் அன்றைக்கு இறங்கிப்போயிருந்தது. "முன்னெல்லாம் கடையிலயும் ஜிலேபியாப் பாத்துத்தான் வாங்குவேன், அது கெடைக்காமத்தான் போன வாரம் கட்லா, இந்த வாரம் சங்கரா. எல்லாமே காசு குடுத்து வாங்குனது. நான் இந்தக் கண்மாயில இதுவரைக்கும் ஒரு மீனு கூடப் பிடிக்கல."

அல்லிநகரத்தில் கட்டிக்கொடுத்த மகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளோடு வந்துவிடுவாளாம், தாத்தா பிடித்த மீன் குழம்புக்காக. அவர் மனைவி தெருவெல்லாம் பெருமை பேசி வைத்திருக்கிறார். வெறும் பையோடு எப்படிப் போவது? எத்தனை விழுந்தது என்று கேட்கக் கூடாத கரை அவருக்கு வசதியாக இருந்திருக்கிறது. குப்பையை மட்டும் வழியில் எங்காவது வீசியிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் யாருக்கும் விலக்கு இல்லை என்று சொன்னவர் அவர்தானே. தன்னைக் காட்டிக்கொடுக்கும் செதிலை வாராவாரம் பத்திரமாகக் கட்டிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்திருக்கிறார். நான் காலையில் பேசிய வெடுக்கு எனக்கே கசந்தது.

குத்தகைக்காரர் செதிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கட்லா எந்தக் கடையில வாங்குனீக?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி. பச்சைக் குடை போட்டிருக்குமே, அந்தம்மாகிட்ட."

குத்தகைக்காரர் செதிலைக் கீழே போட்டார். பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பை அடக்க முடியாமல் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "அது நம்ம கண்மாய் மீனுதான்யா. அந்தம்மாவுக்கு நாந்தான் போடுறேன்."

முதலில் சிரித்தது பஞ்சர் கடைக்காரர். அப்புறம் நாங்கள் எல்லாரும். கடைசியில் கண்டக்டரய்யாவும் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். தடை என்ற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. கட்லாவைத் தின்றது நீர்க்காகமாகத்தான் இருக்கும் என்று குத்தகைக்காரர் தானே ஒரு முடிவுக்கு வந்து, அதை விரட்டப் பட்டாசு வாங்கக் கிளம்பிப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மடைக்குப் பக்கத்தில் துண்டை விரித்துவைத்துக் காத்திருந்தேன். கரையிலேயே நல்ல இடம் அதுதான். கண்டக்டரய்யா வந்ததும், "உக்காருங்க. இன்னைக்கு நடக்கிற வேலை எனக்கு" என்றேன். அவர் மறுத்தார். "துண்டு விரிச்சவுகளுக்குத்தானய்யா இடம்? விரிச்சது நான். நான் குடுக்கிறேன்" என்றதும், சட்டம் அவரையே மடக்கிவிட்டது. உட்கார்ந்தார். எழுந்திருக்கப் பார்த்த போதெல்லாம் நான் முறைத்தேன். அவருடைய பழைய முள் மழுங்கிக் கிடந்ததால் புதிது கட்டிக் கொடுத்தேன்.

வெயில் ஏறுகிற நேரத்தில் அவர் தக்கை முங்கியது. கரை மொத்தமும் மூச்சு விடாமல் பார்த்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபி, நரம்பில் துள்ளிக்கொண்டு மேலே வந்தது. கண்டக்டரய்யா அதைக் கழற்றாமலே பிடித்துக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒருமுறை நடந்தார். யாரும் கேட்கவில்லை, அவரே காட்டினார். அந்த ஒரு நாள், அடுத்தவர் மீனை எட்டிப் பார்க்கக் கூடாத மரியாதையை எல்லாரும் மறந்துபோனோம்.

சாயங்காலம் மஞ்சள் கவரோடு வந்தார். உள்ளே ஒரு பிடி சின்னச் செதிலும், விரல் நீளத்துக்குக் குடலும் இருந்தன. "நல்லாப் பாத்துட்டுப் போடு ஆத்தா" என்றார். நான் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நன்றாகவே பார்த்தேன். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"வீட்டுல என்ன சொன்னாகய்யா?"

அவர் டிரம்மின் துணியை இழுத்துச் சரியாக மூடினார்.

"இன்னைக்கு இம்புட்டுத்தானான்னு கேட்டாக."