மாமா பதித்த கார்

மழைக்குப் பிறகு உழவு இயந்திரமே யோசித்து யோசித்துப் போகும் கிறவல் ஒழுங்கையில் குடியிருந்துகொண்டு, இருந்த காரை நிலத்தோடு ஒட்டினாற்போல இறக்கிப் பதிப்பதற்கு ஒரு துணிவு வேண்டும். பூநகரியில் அந்தத் துணிவு என் மாமாவுக்கு மட்டும்தான் இருந்தது.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. சண்டை முடிந்து, தடுப்பு முகாமிலிருந்து விடுபட்டு வந்தபின் எங்களோடுதான் இருந்தார். போட்டதைச் சாப்பிடுவார், சொன்ன வேலையைச் செய்வார். தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ என்று கேட்டால்கூட, "பரவாயில்லை" என்பார். கனடாவிலிருந்த பெரியம்மா, வாடகைக்கு ஓடட்டும் என்று பழைய காரொன்று வாங்கிக் கொடுத்தா. அதையும் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லாமல் ஓடினார்.

ஒருநாள் வவுனியாவுக்குப் போய்வந்து படலையடியில் நின்ற கார், வேறு கார் மாதிரி இருந்தது.

"கார் ஏன் மாமா குந்திக்கொண்டு நிக்குது?"

மாமா என் பக்கத்தில் வந்து அவரும் குந்தினார். "பழைய ஸ்பிரிங்கைக் கழட்டிப்போட்டு கட்டை ஸ்பிரிங் போட்டிருக்கிறன். சில பேர் இருக்கிறதையே வெட்டிப்போட்டு ஓடுவினம். வெட்டினால் துள்ளும். இது அளவாச் செய்தது. இனி வளைவில ஆடாது, நிலத்தைப் பிடிச்சுக்கொண்டு போகும்." சொல்லிக்கொண்டே சில்லுக்கு மேலிருந்த தகரத்தைத் தடவினார். அவர் அவ்வளவு நீளமாகக் கதைத்து நான் அதுவரை கேட்டதில்லை.

அப்பா வெளியே வந்து பார்த்துவிட்டு, "இது காரோ, உடும்போ?" என்றார். நிறை வயிற்றோடு நின்ற அம்மா விழுந்து விழுந்து சிரித்தா.

வாடகைக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். காசும் கொடுத்து, ஒழுங்கை முனையில் முதுகு உயர்ந்த மதகு வரும்போது காரின் அடி முட்டாமல் இறங்கி நடக்கவும் வேண்டுமென்றால் யார்தான் வருவார்கள்?

அம்மாவுக்குப் பிள்ளை பிறக்க இன்னும் நாள் இருக்கிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்த வேளையில், ஒரு காலை குசினிக்குள் வலி வந்தது. அப்பா களப்புக்கு மீன்பிடிக்கப் போயிருந்தார். ஆம்புலன்ஸ் வேறொருவரை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. கிடந்தது மாமாவின் கார்தான். பக்கத்து வீட்டு அன்ரி அம்மாவைப் பின்சீற்றில் சாய்த்து இருத்தினா. என்னைத் தனியே விட முடியாததால் நானும் முன்னால் ஏறினேன்.

மதகுவரை மாமா பூனை நடப்பதுபோல ஓட்டினார். மதகின் முதுகில் ஏறியதும் அடியில் கறகறவென்று சத்தம் கேட்டது. கார் வயிறு முட்டி நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. நானும் அன்ரியும் இறங்கினோம். அப்போதும் அசையவில்லை. மாமாவின் முகத்தில் இரத்தமே இல்லை.

"நான் இறங்கிறன்," என்றா அம்மா.

"வேண்டாம் அக்கா, இருங்கோ. நான் தூக்கிப் பாக்கிறன்."

"காரை நீ தூக்குவாய், பிள்ளையை ஆர் பிடிக்கிறது? கதவைத் திறவடா."

அம்மா இறங்கி அன்ரியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தா. நடுவழியில் ஒரு வலி வந்து நின்றா. பிறகு மறுபடி நடந்தா. பாரம் இறங்கியதும் கார் கொஞ்சம் எழும்பியிருக்க வேண்டும். மாமா ஓடிப்போய் ஏறி ஸ்டாட் பண்ண, நான் பின்னால் என் பலமெல்லாம் கூட்டித் தள்ள, கார் ஒரு குலுங்குக் குலுங்கி அந்தப் பக்கம் இறங்கியது. அம்மாவைத் திரும்ப ஏற்றிக்கொண்டு, வழுவழுவென்று தார் போட்ட காப்பெற் றோட்டைத் தொட்டபிறகு மாமா சொன்னது உண்மைதான், நிலத்தைப் பிடித்துக்கொண்டு பறந்தது.

ஆஸ்பத்திரியில் அம்மாவை உள்ளே கொண்டுபோய்க் கொஞ்ச நேரத்திலேயே தம்பி பிறந்துவிட்டான். தாயும் பிள்ளையும் சுகம் என்று தாதி வந்து சொன்னதும் மாமா மர வாங்கில் தொப்பென்று இருந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அம்மா வீட்டுக்கு வந்த அன்று கார் பழையபடி உயர்ந்து நின்றது. மாமா கட்டை ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்டுக் கொட்டிலில் போட்டிருந்தார். அப்பாவுக்குப் பரம திருப்தி. எனக்கு அழுகை வந்தது. அம்மா காரைப் பார்த்துவிட்டு, பிள்ளையோடு முற்றத்திலேயே நின்றுவிட்டா.

"ஏன்ரா கழட்டினனீ?"

"இந்தக் காராலை நீங்கள் பட்ட பாடு காணாதே அக்கா?"

"நான் என்ன பாடு பட்டனான்? ரெண்டு அடி நடந்தனான், அவ்வளவுதான். நீ அதைத் திரும்பப் பூட்டு."

"இவளுக்கு விசர்," என்றார் அப்பா.

"அவன்ரை கார். அவன் ஆசைப்பட்டபடி நிக்கட்டும்," என்றா அம்மா. மாமா கொட்டில் பக்கம் போனார்.

அம்மா உள்ளே படுத்திருந்தா. வெளியில் இரும்பு தட்டும் சத்தம் கேட்டது. அவவின் கண் கலங்கியிருந்தது.

"வயிறு நோகுதோ அம்மா?"

"இல்லையடி. ஓடிப்போய்ப் பார், பூட்டுறானோ எண்டு."

ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஓம், பூட்டுறார். பாட்டும் முணுமுணுக்கிறார்," என்றேன். அம்மா பெரிய மூச்சொன்று விட்டு, தம்பியை அணைத்துக்கொண்டு நிம்மதியாக நித்திரையானா.

அம்மாவுக்கும் என்னைப்போலவே பதிந்த கார் என்றால் கொள்ளை ஆசை என்று அன்றைக்கு நான் நினைத்துக்கொண்டேன்.