உள்பக்கம் திருப்பிக் கட்டிய முகம்

ஒன்பது நாளாக ஒரு தார்ப்பாயைக் காரில் போட்டுக்கொண்டு அலைகிறேன்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். வேப்பந்தட்டையில் மக்காச்சோள மூட்டை தூக்கிய இந்தத் தோள்தான் இன்று நான்கு லாரிக்கு முதலாளி. பெரம்பலூரில் நான் கட்டிய மாடி வீட்டை நிமிர்ந்து பார்க்காமல் எவனும் அந்தத் தெருவைக் கடந்ததில்லை. புதுமனை புகுவிழாவுக்குத் தெருமுனையில் பெரிய ஃபிளக்ஸ் வைத்தேன். முழுக்க என் முகம்தான்.

விழா முடிந்த வாரம் டீக்கடையில் ஒரு வியாபாரி எல்லோர் முன்னாலும் கேட்டார்: “என்னங்க, அடுத்த தெருவுல ரெண்டாவது வூடு போட்டுட்டீங்களாமே? சாப்பாடு எப்பங்க?”

கடையே சிரித்தது. எனக்கு விளங்கவில்லை. போய்ப் பார்த்தேன். சாக்கடைச் சுவரை ஒட்டி என் ஃபிளக்ஸைக் கூரையாகக் கட்டியிருந்தார்கள். வெளியே வெள்ளை, குனிந்து பார்த்தால் உள்ளே என் முகம். அதன் கீழே ஒரு ஆள் இருமிக்கொண்டு கிடந்தான். பக்கத்தில் அவன் மனைவி. என் வீட்டுக்குக் கலவை சுமந்த சித்தாள் அவள். அவளுக்கு வீடில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

“என் மொகத்த எதுக்கு உள்ள திருப்பி வச்ச?”

“வெளிய வச்சா காக்கா எச்சம் போடுமுங்கய்யா. அதான்.”

“அவுத்துரு.”

“இவருக்கு நெஞ்சுச்சளிங்க. மழ மூடிக்கிட்டு வருது. விட்டதும் நானே கொண்டாந்து குடுத்துர்றேங்க.”

“இப்பவே அவுத்துரு.”

அவள் முடிச்சுகளைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். முந்தானையால் துடைத்து, மடிப்பு என் முகத்தின் குறுக்கே விழாமல் மடித்து நீட்டினாள். வாங்கிக்கொண்டு வந்தேன்.

பொழுது சாய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சிமெண்ட் மூட்டை நனைந்துவிடக் கூடாதே என்று நானே லாரி மேல் ஏறித் தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன். இந்த வயதில் வேறு எவனாலும் முடியாது. கடைசி முடிச்சுப் போடும்போதுதான் அந்த இருமல் நினைவுக்கு வந்தது. ஷெட்டில் இன்னும் ஆறு தார்ப்பாய் சும்மா கிடந்தது. ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். சுவர் மட்டும் நனைந்துகொண்டு நின்றது. செங்கல் அடுப்பில் தண்ணீர்.

எதிரே பூ விற்கிற அம்மா சொன்னார்: “அந்தப் புள்ள அவர அரியலூர் பஸ்ஸுல ஏத்திக்கிட்டுப் போயிருச்சுங்க, ஊரு அந்தப் பக்கந்தானாம். அந்தாளுக்குப் பேச்சு மூச்சு இல்லீங்க.”

அரியலூர் ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயிலடி, கல்லங்குறிச்சிக் கோயில் வாசல், எல்லா இடமும் பார்த்துவிட்டேன். போகிற இடமெல்லாம், “பேரு என்னங்க?” என்று கேட்கிறார்கள். எட்டு மாதம் என் வீட்டுக்குச் சுமந்தவள் பெயர் எனக்குத் தெரியாது. “ஏம்மா” என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். சிமெண்ட் கலவை அரித்து வெடித்த கைகள் என்று அடையாளம் சொன்னால், “சித்தாளுன்னா எல்லாருக்கும் அப்படித்தானே சார்” என்கிறார்கள்.

நாளைக்கு ஜெயங்கொண்டம் பக்கம் போக வேண்டும்.