உச்சிக்கு முன் தயிர்சாதம்

ஆனந்தம் டீச்சர் நன்னிலத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர், எனக்குப் பக்கத்து வீடு. தன் அம்மாவைக் கடைசி மூச்சுவரை பார்த்துக்கொண்டது அவர்தான். திதி கொடுக்கும் உரிமையோ, சிகாகோவில் இருக்கும் தம்பி ராஜகோபாலனுக்கு. அவனுக்கு லீவு கிடைத்தால்தானே! "பொண்ணு எள்ளும் தண்ணியும் இறைக்கப்படாது" என்று சாஸ்திரிகள் சொல்லிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டீச்சர் வாயே திறக்க மாட்டார்.

போன தை மாதம், திதிக்கு முதல் நாள், எங்கள் வயலோரத்துக் கல் புத்தரைப் பார்க்க இலங்கையிலிருந்து தமிழ் தெரிந்த ஒரு பிக்கு வந்தார். பழைய ஒழுங்குகளை விடாமல் பிடித்திருக்கும் தேரவாத பௌத்தர். "அம்மா பேர்ல உங்களுக்குச் சோறு போடணும்" என்று டீச்சர் அவரை மறுநாள் சாப்பிட அழைத்தார்.

திதிச் சாப்பாடு என்றால் உச்சி சாய்ந்த பிறகுதான் இலை போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். டீச்சரும் அப்படியே நிதானமாகச் சமைத்தார். பிக்கு முன்னதாகவே வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு மணிக்கு இலை போட்டுடறேன் சாமி" என்றார் டீச்சர்.

அவரைக் காரில் அழைத்து வந்த இளவழகன் பதறிவிட்டான். "ஐயோ டீச்சர், மதியம் பன்னெண்டு தாண்டினா அவங்க சாப்பிட மாட்டாங்க. வாய் விட்டுக் கேக்கவும் மாட்டாங்க. நாமதான் கையால குடுக்கணும்!"

கடிகாரத்தைப் பார்த்தால் உச்சிக்கு அரை மணிகூட இல்லை. வடை தட்டவில்லை, பாயசம் கொதிக்கவில்லை. இந்த வருஷமும் அம்மாவுக்கு ஒன்றும் இல்லையா என்று டீச்சர் அப்படியே நின்றுவிட்டார்.

"நிக்காதீங்க டீச்சர், சோறும் தயிரும் இருக்குல்ல!" என்று நான் ஒரு அதட்டல் போட்டேன்.

அவசரமாகப் பிசைந்த தயிர்சாதத்தை, நார்த்தங்காய் ஊறுகாயோடு, டீச்சர் பிக்குவின் பிட்சைப் பாத்திரத்தில் இட்டார். உப்புப் போட மறந்துவிட்டோம். அவர் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

கை கழுவியதும் ஒரு செம்பில் தண்ணீரும் ஒரு கிண்ணமும் கேட்டார். "இந்தத் தானத்தின் புண்ணியத்தை உங்க தாயாருக்குக் குடுங்க அம்மா. நீங்களே தண்ணி ஊத்துங்க."

டீச்சர் செம்பைத் தொடவில்லை. "நான் ஊத்தலாமா? நான் பொண்ணு."

"சோறு குடுத்தது நீங்கதானே?"

அவர் பாலி மொழியில் ஓத ஓத, கிண்ணம் நிரம்பி வழியும்வரை டீச்சர் ஊற்றினார். பிறகு பிக்குவின் காலில் விழுந்து அழுதார். நன்றி சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்றும் அவரை நினைத்தால் மனது நிறைகிறது.

சாயங்காலம் தம்பி போன் செய்தான். "இந்த வருஷமும் திதி விட்டுப்போச்சேக்கா."

"விட்டுப்போகலடா" என்றார் டீச்சர். "நான் குடுத்துட்டேன்."