சத்தம் போடக் கூடாத தீவு

தொண்ணூறுகளின் கடைசியில், தென்னிலங்கையில் எம்பிலிப்பிட்டியவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய குளத்தின் நடுவே இருந்த சின்னத் தீவில் நானும் என் கணவரும் காவல் வேலை பார்த்தோம். பறவைகளுக்குக் காவல்.

அதற்கு முன் ஓப்பநாயக்க பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அவருக்குத் தொழிற்சாலையில் வேலை. நான் ஓரளவு படித்தவள் என்பதால், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் வைத்திருந்தார்கள். தொழிற்சாலையை மூடியதும் அவர் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். தோட்டத்து லொறி டிரைவர் ஒருவர்தான் இந்த வேலையைச் சொன்னார். புருஷன் பெண்டாட்டியாக வந்து தங்க வேண்டும், சிங்களம் பேசத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். மகளுக்கு அப்போது ஏழு வயது. அவளைப் பள்ளிக்கூடத்துக்காக என் தங்கை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

அணை கட்டித் தண்ணீரைத் தேக்கியபோது மூழ்காமல் மிஞ்சிய மேடுதான் அந்தத் தீவு. சுற்றிலும் தண்ணீருக்குள் செத்து நிற்கும் மரங்கள். மரமெல்லாம் கொக்கு, நாரை, நீர்க்காகம். தூரத்திலிருந்து பார்க்க அழகாக இருக்கும். உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். எச்ச நாற்றம் சோற்றிலும் தலைமயிரிலும் ஒட்டிக்கொள்ளும். சந்தைக்குப் போக பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து தள்ளி உட்காருவார். தோணியில் குடிதண்ணீர் கொண்டுவருவது, நீந்தி ஏறும் எருமைகளை விரட்டுவது, பறவைகளின் காலில் சிக்கும் வலைத்துண்டுகளைப் புதர் புதராகப் பொறுக்குவது என்று நாள் முழுக்க ஓடும். படுத்தால் கை தானாகத் துடுப்புப் போடுவதுபோல இருக்கும்.

எல்லாவற்றையும்விட என்னைக் களைக்க வைத்தது அந்த மௌனம். குஞ்சு பொரிக்கும் காலத்தில் தீவில் சத்தமே போடக் கூடாது. ஒரு குரல் உயர்ந்தால் பறவைகள் மொத்தமாக எழும்பிவிடும். அவை திரும்பி வருவதற்குள் காகமும் பருந்தும் கூடுகளில் இறங்கிவிடும். மிஞ்சும் குஞ்சுகள் நிழல் இல்லாமல் வெயிலில் வாடிச் சாகும். அதனால் நாங்கள் கையால் பேசப் பழகினோம். ஒரு கையைத் தூக்கினால் சாப்பாடு தயார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினால், உடனே வா. புருஷன் பெண்டாட்டி சண்டைகூடக் குசுகுசுவென்றுதான் நடக்கும். "இந்தாங்க, கத்த முடியலன்னா சண்டையே வர மாட்டேங்குதே" என்று நான் ஒருநாள் கிசுகிசுத்தபோது, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

தீவைச் சுற்றிச் சிவப்புச் சாயம் பூசிய கம்புகள் நட்டிருந்தோம். அதைத் தாண்டி யாரும் வலை போடக் கூடாது. ஆனாலும் ஒருவர் வருவார். அக்கரையில் இருந்த சிங்கள மீன்காரர், ஐம்பது வயதிருக்கும். இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழியில் தமிழ் ஆட்களோடு வேலை செய்தவராம், அரைகுறைத் தமிழ் பேசுவார்; என்னை மட்டும் சிங்களத்தில் 'நோனே', அதாவது அம்மா, என்று கூப்பிடுவார். என் கணவர் அவருடைய வலையை ஒருமுறை பிடித்து எங்கள் இலாகா மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டார். அந்தக் கோபம் அவருக்கு உண்டு.

"நோனே, ஒங்க கொக்கு மட்டும் மீன் புடிக்கலாம். நான் புடிச்சா தப்பா?" என்று கம்புக்கு அந்தப் பக்கம் தோணியை நிறுத்திக் கேட்பார்.

"கொக்குக்கு லைசன் இருக்கு. ஒங்களுக்கு இருக்கா?" என்பார் என் கணவர்.

இந்தக் கேலியெல்லாம் தணிந்த குரலில்தான். அந்த மனிதர்கூடத் தீவுக்குப் பக்கத்தில் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

சித்திரை விடுமுறைக்கு மகளைக் கூட்டிவந்தோம். வருசப் பிறப்புக்கு வாங்கிய சிவப்புச் செருப்பைக் கழற்றவே மாட்டாள். தோணியில் ஏற்றும்போதே சொன்னேன், "பாப்பா, இங்க சத்தம் போடக் கூடாது. என்ன நடந்தாலும் கத்தக் கூடாது. குருவிக் குஞ்செல்லாம் செத்துப் போயிரும்." தலையை ஆட்டினாள். அவளுக்கு இது புதிதும் இல்லை. யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் பஸ்ஸில் ஏறினால், "தமிழ்ல சத்தமா பேசாத" என்று சொல்லித்தான் வளர்த்திருந்தோம். சோதனைச் சாவடியில் இறங்கி நிற்கும்போது என் சேலையைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் நிற்பாள். கையால் பேசுவது அவளுக்கு விளையாட்டாக இருந்தது. சீக்கிரமே எங்களைவிட நன்றாகப் பழகிக்கொண்டாள்.

ஒருநாள் என் கணவர் அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கத் தோணியை எடுத்துக்கொண்டு போயிருந்தார். மகள் குடிசை வாசலில் கூழாங்கல் வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். "இங்கயே இரு" என்று கையைக் காட்டிவிட்டு, நான் தீவின் மறுபக்கம் வலைத்துண்டு பொறுக்கப் போனேன். நல்ல வெயில். முள்ளில் சிக்கிய நைலோனை அறுத்து அறுத்து விரல் எரிந்தது. இடையில் ஒருமுறை நிமிர்ந்து காதுகொடுத்தேன். ஒரு சத்தமும் இல்லை. பிள்ளை குழப்படி பண்ணாமல் இருக்கிறாள் என்று நிம்மதியாகக் குனிந்துகொண்டேன். இன்றைக்கும் என்னால் தாங்க முடியாதது அந்த நிம்மதிதான்.

திடீரென்று ஒரு ஆண் குரல் தீவையே உலுக்கியது.

"நோனே! லமயா! லமயா!"

பறவைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பின. வானம் மறைந்தது. மேலிருந்து எச்சமும் இறகுமாகக் கொட்டியது. லமயா என்றால் பிள்ளை. எனக்குத் தெரியாத வார்த்தை இல்லை. ஆனால் அந்த நேரம் அது மனதுக்குள் இறங்கவே இல்லை. வலையைப் பிடித்துக் கொடுத்ததற்கு வஞ்சம் தீர்க்கிறான் பாவி, அத்தனை கூட்டையும் கெடுத்துவிட்டான் என்றுதான் தோன்றியது. உதட்டில் விரலை வைத்து, "உஷ்! உஷ்!" என்று சைகை காட்டிக்கொண்டே ஓடினேன்.

வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்ததால் குடிசைப் பக்கம் குளம் வற்றி, கரையோரம் சேறு காய்ந்ததுபோலக் கிடந்தது. மேலேதான் காய்ந்த தோல். உள்ளே களி. கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் என் மகள் நெஞ்சு வரை அந்தச் சேற்றுக்குள் இருந்தாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கியிருந்தாள். வாயை இறுக மூடியிருந்தாள். அதற்கு அப்பால், தண்ணீர் ஓரமாக, முதலைகள் வழக்கமாக வெயில் காயும் இடம்.

உதட்டில் வைத்த என் விரல் அப்படியே நின்றுவிட்டது.

நான் சேற்றில் இறங்கப் போனேன். "எபா! எபா!" என்று மீன்காரர் கத்தினார். "வர வேணாம் நோனே! நீங்களும் உள்ள போயிருவீங்க, ரெண்டு பேர இழுக்க என்னால ஏலாது!" அவர் சிவப்புக் கம்புகளைத் தாண்டி வந்து, தோணியின் முனையைச் சேற்றின்மேல் ஏற்றி, துடுப்பால் உந்தி உந்தித் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு முனையில் குப்புறப் படுத்துக் கையை நீட்டி, வலையைக் கிழித்து உருவிய கயிற்றை அவள் அக்குளுக்குக் கீழே சுற்றிக் கட்டினார். கயிற்றின் மறுமுனையில் ஒரு கட்டையைக் கட்டி என் பக்கம் எறிந்தார். "மெதுவா. சேறு விட்டாத்தான் இழுக்கணும். வெசயா இழுத்தா புள்ளைக்கு இடுப்பு போயிரும்."

அவர் தோணியிலிருந்து தூக்க, நான் கரையிலிருந்து இழுத்தேன். சேறு விடவே இல்லை. எத்தனை நேரம் போராடினோம் என்று தெரியாது. கயிறு என் உள்ளங்கையைக் கிழித்தது. கடைசியில் ஒரு பெரிய உறிஞ்சல் சத்தத்தோடு அவள் மேலே வந்து, சேற்றின்மேல் சறுக்கி என் மடியில் விழுந்தாள். அழவில்லை. என் காதோடு வாயை வைத்துச் சொன்னாள்:

"அம்மா, கை வலிக்குதும்மா."

இரண்டு கைகளையும் தூக்கினால் உடனே வர வேண்டும். நாங்கள் சொல்லிக்கொடுத்ததை அவள் ஒழுங்காகச் செய்திருக்கிறாள். செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டதாம், எடுக்கப் போனாளாம். கால் இறங்கியதும் கையைத் தூக்கியிருக்கிறாள். யாரும் பார்க்காததால் தூக்கியபடியே இருந்திருக்கிறாள்.

மீன்காரர் கரையேறி மூச்சுவாங்கினார். அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் சிங்களத்தில் கேட்டார்: "நோனே, மே லமயா கொளுத?"

பிள்ளை ஊமையா என்று கேட்டார்.

"இல்லிங்க, பேசுவா" என்று தமிழில்தான் சொல்ல வந்தது. "நாங்கதான்... குருவி எழும்பிரும்னு..." அவர் வானத்தைப் பார்த்தார். காகங்கள் கூடுகளில் இறங்க ஆரம்பித்திருந்தன.

"கொக்கு போனா திரும்பி வரும் நோனே" என்றார். கிழிந்துபோன வலையைச் சுருட்டித் தோணியில் போட்டுக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

சில நாட்கள் கழித்து மேலதிகாரி வந்தார். அந்தப் பக்கத்து மரங்களில் பாதிக் கூடுகள் வெறுமையாக இருப்பதைப் பார்த்து, யார் சத்தம் போட்டது, மீன்காரன் உள்ளே வந்தானா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், "நாங்கதான் மாத்தயா. புள்ள சேத்துல விழுந்திருச்சு, கத்திட்டோம்" என்றார். அதிகாரி என் மகளின் கயிறு சிராய்த்த கைகளைப் பார்த்தார். பிறகு தோணியில் ஏறினார். பறவைகள் உண்மையிலேயே திரும்பி வந்தன. நாங்கள்தான் இருக்கவில்லை. அந்தப் பருவம் முடிந்ததும் ஓப்பநாயக்கவுக்கே திரும்பிவிட்டோம்.

வந்த புதிதில் மகளைத் தேயிலை மலைக்குள் கூட்டிப்போனேன். "இங்க யாரும் இல்ல. அம்மான்னு நல்லா கத்து பாப்பா" என்றேன். அவள் சுற்றிலும் மரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இங்க குருவி இல்லையாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள். பிறகு, "அம்மா" என்றாள். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அன்று அந்த மலையில் கத்தியது நான்தான். கொழுந்து பறித்தவர்கள் என்னவோ ஏதோவென்று ஓடிவந்து, பிறகு திட்டிவிட்டுப் போனார்கள்.

இப்போது அவள் கொழும்பில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். தினமும் போன் செய்து, "ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்கேன்" என்று தணிந்த குரலில் சொல்வாள். மற்ற தாய்மாருக்கு அது போதுமாக இருக்கலாம். எனக்கு மட்டும், போனை வைத்த பிறகும், எங்கேயோ ஒரு சேற்றில் அவள் வாயை மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் தூக்கியபடி நிற்கிறாளோ, நான் இந்தப் பக்கம் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேனோ என்று மனம் அடித்துக்கொண்டே இருக்கிறது.