மேஸ்திரி திறந்து வைத்த சுவர்

அந்தச் சுவரை அன்றைக்கே முழுதாகப் பூசச் சொல்லியிருக்க வேண்டுமா, கூடாதா? அன்று தொட்டிலில் கிடந்த மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

பழனி வெயிலில் வளர்ந்தவள் நான். கல்யாணமாகிக் கொடைக்கானலுக்கு வந்தபோது குளிரைவிட ஈரந்தான் என்னைப் பயமுறுத்தியது. எங்களுடையது கல் வீடு. உள்பக்கம் மரப்பலகை அடித்தது. படுக்கையறையின் கிழக்குச் சுவரில் ஒவ்வொரு மழைக்கும் ஈரம் ஊறும். கைக்குழந்தைக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதும், "ரூமை ட்ரையா வைங்கம்மா, இல்லேன்னா இது கூடிக்கிட்டே போகும்" என்றார் டாக்டர். அடைமழைக்கு முன் பலகையைக் கழற்றிச் சுவரைச் சிமெண்டால் பூசிவிடுவதென்று முடிவு செய்தோம்.

பெருமாள்மலையிலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். வந்தார் என்று எழுதிவிட்டேன். வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதே சரி. "நாளைக்கு வெள்ளனே வந்துருவேன் தாயி" என்பார். நான் கட்டிலையும் தொட்டிலையும் முன்னறைக்கு இழுத்துப் போட்டுக் காத்திருப்பேன். அவர் ஏதோ ஒரு பங்களாவில் வேலை பார்ப்பதாகப் பால்காரர் வந்து சொல்வார். சாயங்காலம் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே இழுப்பேன். கடிந்து பேசினால் வராமலே போய்விடுவாரோ என்று, கண்டபோதெல்லாம் காப்பி கொடுத்தேன்.

ஒருநாள் ஆட்களோடு உண்மையாகவே வந்துவிட்டார். சுவரின் ஒரு மூலையில் இரண்டு பலகையை நெம்பியதும், "ஏலே, கையை எடு!" என்று கத்தினார்.

பலகைக்குப் பின்னால், கல்லுக்கும் மரத்துக்கும் இடையே, தேனடைகள் வரிசையாகத் தொங்கின. என் மகளைவிட நீளமானவை. அடை தெரியாதபடி மூடியிருந்த தேனீக்களின் மேல், காற்றில்லாமலே அலை ஒன்று மேலிருந்து கீழாக ஓடியது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். ஓடத் தோன்றவில்லை. அந்த மூலைப் பலகை மட்டும் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பதைக் கண்டு அங்கேதான் தொட்டிலைப் போட்டிருந்தேன். காலை வெயிலின் சூடு என்று நினைத்திருந்தேன். இத்தனை உயிர்கள் ஒன்றையொன்று அணைத்துக் கிடந்த சூடு அது!

"இப்ப கலைச்சா என் ஆளுக நாளைக்கு வேலைக்கே வரமாட்டானுக, தாயி. அதுகளாக் கெளம்பட்டும்" என்றார் மேஸ்திரி.

"எப்போ கிளம்பும்?"

"அதை அதுககிட்டதான் கேக்கணும்."

"இவருக்குப் பங்களா சோலி கெடக்கு. நல்ல நேரத்துல வந்து காப்பாத்திருச்சு தேனீ" என்றார் பின்னாலிருந்த ஓர் ஆள். எல்லாரும் சிரித்தார்கள், மேஸ்திரியும்.

பலகையைச் சும்மா சாத்தி, இடுக்கில் சாக்கை அடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மணலும் சிமெண்ட் மூட்டையும் வாசலில் கிடந்தன. சாக்குப்போக்குச் சொல்லி ஏமாற்றுகிறான் என்றார் என் கணவர். எனக்கும் கோபந்தான். ஆனால் மத்தியானம் பனிமூட்டம் வந்து ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாமல் போகும்போது, தேனீக்கள் எல்லாம் உள்ளே வந்து அடைந்துவிடும். சுவர் மெல்ல ரீங்கரிக்கத் தொடங்கும். சளியில் கரகரக்கும் நெஞ்சோடு என் மகள் பலகையில் உள்ளங்கையை வைத்துச் சிரிப்பாள். அப்படியே தூங்கிவிடுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சையும் அந்த ஒலியையும் மாறிமாறிக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

மழைக்குச் சற்று முன் மேஸ்திரி ஈர வைக்கோலோடு வந்து நின்றார். "புகை போட்டா வெரசா காலியாயிரும்."

"உங்க ஆளுங்க வரமாட்டாங்கன்னீங்களே?"

"அது அப்ப, தாயி."

யாரிடமும் வேண்டாம் என்று சொல்லிப் பழகாதவள், "அந்த மூலையை மட்டும் விட்டுட்டு மத்ததைப் பூசிருங்க" என்றேன்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "வரலேன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறீங்க, வந்தா வேணாங்கிறீங்க. இன்னும் ரெண்டு வீடு இப்படி அமைஞ்சா நான் காசிக்குப் போயிருவேன்!"

மூலையை விட்டுவிட்டுப் பூசினார். அந்தக் குளிர்காலத்தில் மகளுக்கு ஒருமுறை கடுமையாக இழுத்தது. நானே வரவழைத்துக்கொண்டேனோ என்று துடித்தேன். பிறகு மெல்ல மெல்ல நின்றுபோயிற்று. சிமெண்டாலா, அந்தச் சூட்டாலா, வயது ஏறியதாலா?

இப்போது இரண்டாவது பிரசவம் நெருங்குகிறது. பூசாத அந்த மூலையின் அடியில் ஈரம் மறுபடி ஏறியிருக்கிறது. தேனீக்களும் இருக்கின்றன. மலையில் கல் வீட்டில் பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்: அவற்றைக் கலைக்காமல் ஈரத்தை நிறுத்த வழி உண்டா? கலைத்துவிடுவதுதான் குழந்தைக்கு நல்லதா? தயவுசெய்து சீக்கிரம் எழுதுங்கள். மேஸ்திரி நாளைக்கு வெள்ளனே வருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்தாலும் வந்துவிடுவார்.